கம்பைலரைப் பெற்ற கம்பைலர் எது?

சென்ற மாதம் என் ஆய்வுக் குழுவின் ஆண்டுக் கூட்டம் நடைபெற்றது. வாக்கியப் பகுப்பாய்வுக்காக நான் எழுதிவரும் கணினி இலக்கணத்தை விளக்கினேன். அதை இயக்கும் கருவிகள் அனைத்தும் கட்டற்ற மென்பொருள்கள், ஆகவே என் முடிவுகளை எவரும் அடியிலிருந்து மீண்டும் பெற்றுச் சரிபார்க்கலாம் என்று சற்றே பெருமையுடன் சொல்லிவைத்தேன். குழுவில் கணினி அறிவியல் துறைப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கருவி எந்த மொழியில் எழுதப்பட்டது என்று கேட்டார். ஹாஸ்கெல் என்றேன். ஹாஸ்கெல் கம்பைலர் எதில் எழுதப்பட்டது? அதுவும் ஹாஸ்கெலில்தான். அப்படியானால் அதை எதைக் கொண்டு கம்பைல் செய்வீர்கள்? அதன் முந்தைய பதிப்பைக் கொண்டு. அதை? அதற்கும் முந்தைய பதிப்பைக் கொண்டு. முதற்பதிப்பை?

என்னிடம் விடை இல்லை. அவரும் வற்புறுத்தவில்லை, தேநீர் வந்துவிட்டது. ஆனால் "அடியிலிருந்து" என்ற அந்தச் சொல்லை நான் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்திவிட்டேன் என்ற உறுத்தல் அன்று தொடங்கியது. இந்த நீண்ட பதிவு அதன் விளைவு. கணினித் துறையினருக்கு இதில் பல செய்திகள் பழையவையாக இருக்கலாம். மொழியியல், சமூக அறிவியல், புள்ளியியல் எனக் கணினியைக் கருவியாக மட்டும் கொள்ளும் ஆய்வு மாணவர்களுக்காகவே முதன்மையாக எழுதுகிறேன்.

(ஒரு சொல் விளக்கம். கம்பைலருக்குத் "தொகுப்பி", "தொகுப்பான்" எனக் கலைச்சொற்கள் உண்டு. அது எதையும் தொகுப்பதில்லை. மனிதர் எழுதும் மூலநிரலை இயந்திரம் இயக்கும் பைனரியாகப் பெயர்க்கிறது. பொருத்தமான சொல் நிலைபெறும்வரை கம்பைலர் என்றே எழுதுகிறேன்.)

சிக்கல் இதுதான். தமிழ் ஒரு சொல்லும் அறியாத ஒருவரிடம் மிகச் சிறந்த தமிழ்–தமிழ் அகராதி ஒன்றைக் கொடுப்பதாகக் கொள்வோம். அதில் எல்லாச் சொற்களுக்கும் பொருள் இருக்கிறது, எதுவும் மறைக்கப்படவில்லை. ஆயினும் அவரால் உள்ளே நுழைய முடியாது. ஏதேனும் ஒரு சொல்லையாவது வெளியிலிருந்து அறிந்திருந்தால்தான் அகராதி திறக்கும். தன் மொழியிலேயே எழுதப்பட்ட கம்பைலரின் மூலநிரல் அத்தகைய அகராதி. இணையத்தில் முழுமையாகக் கிடைக்கும், உரிமம் தாராளமானது, வரிக்கு வரி படிக்கலாம். அதை இயங்கும் பொருளாக்க, ஏற்கெனவே இயங்கும் அதே கம்பைலரின் பைனரி ஒன்று கையில் இருக்கவேண்டும். அந்தப் பைனரியை யாரோ எப்போதோ இன்னொரு பைனரியால் உண்டாக்கினார்கள். இந்தச் சங்கிலியை அதன் தொடக்கம்வரை மூலநிரலாலேயே கட்டியெழுப்பும் பணிக்குப் பூட்ஸ்ட்ராப் என்று பெயர்.

மூலநிரல் கிடைப்பது வேறு, மூலநிரலிலிருந்து பிறப்பிக்க முடிவது வேறு. நம் ஆய்வேடுகளில் "திறந்த மூலம், எனவே சரிபார்க்கத்தக்கது" என்று எழுதும்போது முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதையும் உரிமை கோருகிறோம். இந்த இடைவெளியை நிரப்பும் உழைப்பைப் பல்கலைக்கழகங்கள் செய்யவில்லை. லினக்ஸ் வழங்கல்களைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் செய்கிறார்கள். இது ஆய்வுப் பணி. ஆய்வாகவே மதிக்கப்படவேண்டும் என்பது என் நிலைப்பாடு.

இந்தக் கவலையை முதலில் பலரறியச் சொன்னவர் கென் தாம்ப்சன். யூனிக்ஸை உருவாக்கியதற்காக டென்னிஸ் ரிச்சியுடன் அவருக்கு 1983-ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது வழங்கப்பட்டது. 1984-இல் அச்சான அவரது ஏற்புரை மூன்று பக்க அளவே. அதில் அவர் விவரித்த சி கம்பைலர் இரண்டு செயல்களைக் கமுக்கமாகச் செய்யும். கணினிக்குள் நுழைவதற்கான நிரலைக் கம்பைல் செய்யும்போது ஒரு புறவாசலைச் சேர்த்துவிடும். கம்பைலரின் சொந்த மூலநிரலைக் கம்பைல் செய்யும்போது, இந்த இரண்டு பழக்கங்களையும் புதிய கம்பைலருக்குள் சேர்த்துவிடும். அதன் பிறகு மூலநிரலிலிருந்து தீய வரிகளை அழித்துவிடலாம். மூலநிரல் தூய்மையானது, எவரும் படிக்கலாம். தீமை மட்டும் பைனரியிலிருந்து பைனரிக்கு வழிவழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த எண்ணம் தமக்கு மல்டிக்ஸ் இயங்குதளம் குறித்த அமெரிக்க விமானப்படையின் பாதுகாப்பு ஆய்வொன்றிலிருந்து கிட்டியது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவர் எழுதிய நிரல் 2023-இல் விளக்கக் குறிப்புகளுடன் வெளியாயிற்று. சுமார் நூறு வரிகள்தாம். நாற்பதாண்டுகளாக எல்லோரும் மேற்கோள் காட்டிய ஓர் அச்சம் நூறு வரிகளில் அடங்கியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வியப்பைவிடக் கூச்சமே மிகுந்தது. ஏற்புரையைக் கூட நான் அதுவரை படித்திருக்கவில்லை.

சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இது அறிமுகமான இடம். ஒரு நூலின் எல்லாப் படிகளும் தொலைந்துபோன ஒரே தாய்ச்சுவடியிலிருந்து இறங்கியவை என்றால், அந்தத் தாய்ச்சுவடியின் பிழையை எந்தப் படியை வைத்தும் கண்டுபிடிக்க இயலாது. வேறு வழியாக இறங்கிய சுவடி வேண்டும். டேவிட் வீலர் 2005-இல் முன்வைத்து, 2009-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விரிவாக நிறுவிய முறையும் ஏறக்குறைய இதுவே. ஐயத்துக்குரிய கம்பைலரின் மூலநிரலை, அதனோடு தொடர்பற்ற இன்னொரு கம்பைலரால் பெயர்க்கவேண்டும். கிடைக்கும் பைனரியைக் கொண்டு அதே மூலநிரலை மீண்டும் ஒருமுறை பெயர்க்கவேண்டும். இறுதியில் கிடைப்பது பழைய பைனரியோடு ஒவ்வொரு பிட்டும் பொருந்தினால் மறைந்திருந்தது ஏதுமில்லை. இரண்டு கம்பைலர்களும் ஒரே தீமையைப் பகிர்ந்துகொண்டிருந்தால் மட்டுமே இம்முடிவு பொய்க்கும். உவமையை இதற்கு மேல் நீட்டக்கூடாது. ஏடெழுதியவர் கைதவறிப் பிழை செய்தவர்; தாம்ப்சனின் கம்பைலரோ படிப்பவரை ஏமாற்றவென்றே எழுதப்பட்டது.

சி மொழிக்கு ஒன்றுக்கொன்று தொடர்பற்ற கம்பைலர்கள் பல உண்டு. ஹாஸ்கெலுக்கு இன்று நடைமுறையில் ஒன்றே: கிளாஸ்கோவில் பிறந்த ஜிஎச்சி. நான் பயன்படுத்தும் கிராமட்டிக்கல் ஃபிரேம்வொர்க் 1998-இல் கிரெனோபிளில் உள்ள ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் தொடங்கியது. பின்னர் சுவீடனின் கோத்தன்பர்க்கில் ஆர்னே ராந்தாவும் அவரது குழுவினரும் வளர்த்தெடுத்தார்கள். அது ஹாஸ்கெலில் எழுதப்பட்டது. என் ஆய்வேட்டை வடிவமைக்கும் பான்டாக் என்ற கருவியும் ஹாஸ்கெல்தான். ஆக, என் இலக்கணம், அதன் முடிவுகள், அவற்றை அச்சிடும் பக்கம் மூன்றும் ஒரே கம்பைலரின் வழித்தோன்றல்கள்.

ஜிஎச்சியின் குலவரிசையைத் தேடினேன். 1989-இல் அதன் முதல் மாதிரி லேசி எம்எல் என்ற மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியின் கம்பைலர் உருவான இடமும் அதே கோத்தன்பர்க்தான். அந்த மாதிரியை அடுத்து, கம்பைலரை ஹாஸ்கெலிலேயே புதிதாக எழுதினார்கள். அன்று முதல் ஒவ்வொரு பதிப்பும் முந்தையதன் பிள்ளை. ஒரு பதிப்பைக் கட்ட அதற்கு முந்தைய ஓரிரு பெரும்பதிப்புகளில் ஒன்று தேவை என்பது நடைமுறை. எனவே இன்றைய 9-ஆம் வரிசையிலிருந்து படிப்படியாக இறங்கிக்கொண்டே போகவேண்டும்.

கோடை விடுமுறையில் இரண்டு வாரங்கள் இறங்கிப் பார்த்தேன். 7-ஆம் வரிசைப் பதிப்புகள்வரை பெரிய இடையூறில்லை; நேரம்தான் சென்றது. அதற்குக் கீழே தரை நழுவியது. பழைய ஜிஎச்சி ஹாஸ்கெலைச் சி நிரலாக மாற்றி, அதை ஜிசிசியிடம் கொடுத்து, ஜிசிசி வெளியிடும் அசெம்பிளி வரிகளை ஒரு பெர்ல் நிரலால் வெட்டி ஒட்டித் தனக்கேற்ற வடிவத்துக்குக் கொண்டுவரும். அந்தப் பெர்ல் நிரலுக்கு அதை எழுதியவர்களே "ஈவில் மேங்ளர்", அதாவது கொடிய சிதைப்பான், என்று பெயரிட்டிருந்தார்கள். அக்கால ஜிசிசி எந்த வடிவில் அசெம்பிளி வரிகளை எழுதுமோ அந்த வடிவையே அது எதிர்பார்க்கும். இன்றைய ஜிசிசியின் வரிகள் அதற்குப் புரிவதில்லை. பழைய ஜிசிசி வேண்டும். அதற்குப் பழைய சி நூலகம் வேண்டும். அதற்கு ஏற்ற பழைய சூழல் வேண்டும். மூலநிரல் ஒரு பைட்டும் குறையாமல் இன்றும் பதிவிறக்கக் கிடைக்கிறது. அதைச் சூழ்ந்திருந்த உலகம்தான் இல்லை.

வேறு பாதை இருக்கிறதா? ஹக்ஸ் என்ற பழைய ஹாஸ்கெல் இன்டர்ப்ரிட்டர் சி மொழியில் எழுதப்பட்டது. என்எச்சி98 என்ற வேறொரு கம்பைலர் உண்டு. கீக்ஸ் வழங்கலின் முக்கியப் பங்களிப்பாளரான ரிக்கார்டோ வுர்முஸ் இவ்விரண்டின் துணையால் ஜிஎச்சி 4.08-ஐ எட்ட முயன்ற அனுபவத்தை 2017-இல் எழுதியிருக்கிறார். அதில் என்னை நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. என்எச்சி98-ஐக் கட்டச் சி நிரல்கள் தரப்படுகின்றன. ஆனால் அவை எவரும் எழுதிய சி நிரல்கள் அல்ல; ஹாஸ்கெலில் எழுதப்பட்டதிலிருந்து என்எச்சி98 தானே உமிழ்ந்தவை. எழுத்துருவில் இருப்பதால் மட்டும் அது மூலம் ஆகிவிடுமா? ஆகாது என்பதே பூட்ஸ்ட்ராப் பணியில் இருப்போரின் விடை. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. மனிதர் எதைத் திருத்துவாரோ அதுதான் மூலம். ஒரு நூலின் ரோமன் எழுத்துப்பெயர்ப்பை வைத்துக்கொண்டு மூலச்சுவடி கையில் இருப்பதாகச் சொல்லமாட்டோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ணுவோர் 2024 மார்ச் மாதத்தை நினைவுகூரவேண்டும். கோப்புச் சுருக்கத்துக்கான எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புறவாசல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. தொலைநுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைப் பொருட்படுத்தி ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளரின் விழிப்புணர்வால் அது வெளிப்பட்டது. தீய நிரல் எங்கே ஒளிந்திருந்தது? சோதனைக்கான பைனரி கோப்புகளுக்குள்ளும், வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்க்கப்பட்ட ஒரு கட்டமைப்பு நிரலிலும். எல்லோரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் அந்தக் கட்டமைப்பு வரிகள் இல்லை. இயந்திரம் உருவாக்கியது, யாரும் படிக்கமாட்டார்கள் என்று நாம் கடந்துபோகும் கோப்புகளே மறைவிடமாக அமைந்தன.

இனி நம்பிக்கை தரும் பகுதி.

லினக்ஸ் வழங்கல் என்பது ஆயிரக்கணக்கான பொதிகளை ஒன்றையொன்று சார்ந்து நிற்குமாறு கட்டித் தரும் அமைப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் சில பைனரிகளை விதையாக வைத்தே எந்த வழங்கலும் தொடங்கும். கீக்ஸில் அந்த விதை ஒருகாலத்தில் ஏறத்தாழ 250 மெகாபைட். 2019-இல் அதைப் பாதியாக்கினார்கள். அடுத்த ஆண்டு மீண்டும் பாதியாக்கினார்கள். 2023 ஏப்ரலில் அவர்கள் அறிவித்த விதையின் அளவு 357 பைட். மெகாபைட் அல்ல, பைட்.

ஹெக்ஸ்0 எனப்படும் அந்த 357 பைட் நிரல் செய்வது ஒன்றே: பதினாறடிமான எண்களை எழுத்தாகப் படித்து, அவற்றுக்குரிய பைட்டுகளை எழுதும், குறிப்புரை வரிகளைத் தாண்டிவிடும். ஒருவர் ஒரு தாளில் அச்சிட்டு, செயலியின் கையேட்டை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பைட்டாகச் சரிபார்க்கலாம். ஜெரமையா ஓரியன்ஸ் முன்னின்று வளர்த்த ஸ்டேஜ்0 திட்டத்தில் இதன்மேல் சற்றே வளமான ஹெக்ஸ்1, அதன்மேல் ஹெக்ஸ்2, பிறகு எளிய அசெம்பிளர், பிறகு சி மொழியின் சிறு பகுதியை மட்டும் அறிந்த கம்பைலர் எனப் படிகள் எழுகின்றன. அடுத்து வருவது யான் நியூவென்ஹாய்சனின் மெஸ். இது இரட்டைப் பிறவி: சி-யில் எழுதப்பட்ட ஸ்கீம் இன்டர்ப்ரிட்டர் ஒன்று, ஸ்கீமில் எழுதப்பட்ட சி கம்பைலர் ஒன்று. அது டைனி சிசியைக் கட்டுகிறது. அது 2001-இல் வெளியான 2.95.3 என்ற பழைய ஜிசிசியைக் கட்டுகிறது. அதிலிருந்து 4-ஆம் வரிசை, பிறகு இன்றைய ஜிசிசி. அதன்மேல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் நிற்கின்றன. இதை நடத்திச்செல்ல கைல் என்ற ஸ்கீம் அமைப்பின் பைனரி ஒன்று இன்னும் தேவைப்பட்டது என்பதையும், கீழே லினக்ஸ் கெர்னலும் செயலியும் நம்பிக்கையின்பேரிலேயே ஏற்கப்படுகின்றன என்பதையும் மறைக்கக்கூடாது. அவர்களும் மறைக்கவில்லை.

இதைப் படித்தபோது, ஒரு மொழியின் வளம் முழுவதையும் பயன்படுத்தாமல் அதன் ஒரு துண்டை மட்டும் கொண்டு அடுத்த துண்டை விளக்கும் அந்த ஒழுங்குதான் என்னை ஈர்த்தது. கம்பைலர் எழுதுவோர் பொதுவாக வேகத்தையும் பிழைகாணும் திறனையும் நாடுவார்கள். பூட்ஸ்ட்ராப்புக்காக எழுதுவோர் இரண்டையும் துறக்கிறார்கள். ரஸ்ட் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் கம்பைலர் ஓகேமலில் எழுதப்பட்டது; 2011-இல் ரஸ்ட் தன்னைத்தானே பெயர்க்கத் தொடங்கியது; அன்றிலிருந்து ஒவ்வொரு பதிப்புக்கும் முந்தைய பதிப்பு தேவை. இந்தச் சங்கிலியைக் குறுக்கே வெட்டுவதற்காக எம்ரஸ்ட்சி என்ற கம்பைலர் சி++ மொழியில் எழுதப்பட்டது. ரஸ்டின் பெருமைக்குரிய நினைவகப் பாதுகாப்புச் சோதனை எதையும் அது செய்வதில்லை. உள்ளே வரும் நிரல் சரியானது என்று எடுத்துக்கொண்டு பெயர்த்துத் தருகிறது. அதன் வேலைக்கு அது போதும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், பதிப்பாசிரியராக இருக்கவேண்டியதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சுட்டவேண்டும்; அண்மையில் ஒரு கருத்தரங்கில் இவ்விரண்டையும் ஒன்றாகவே பேசினார்கள். ஒரே மூலநிரலையும் ஒரே கம்பைலரையும் யார் எங்கே இயக்கினாலும் ஒரே பைனரி கிடைக்கவேண்டும் என்பது மறுவுருவாக்க முயற்சி. டெபியனில் 2013 முதல் இதற்காக நடந்துவரும் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் கம்பைலரே கெட்டிருந்தால், எல்லோருக்கும் ஒரே கெட்ட பைனரி துல்லியமாகக் கிடைக்கும். மறுவுருவாக்கம் கிளைகளைச் சரிபார்க்கிறது. பூட்ஸ்ட்ராப் வேரைத் தேடுகிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று அரைவேலை.

என் வாதத்துக்கு மிக நெருக்கமான சான்று ஓகேமல் மொழியிலிருந்து வருகிறது. ஓகேமலின் மூலப் பொதியைத் திறந்தால் அதற்குள்ளேயே கம்பைலரின் பைட்கோடு கோப்பு ஒன்று இருக்கும். அதுதான் விதை, எல்லோரும் அதை நம்பியே தொடங்குகிறார்கள். கணிதத் தேற்றங்களை இயந்திரத்தால் சரிபார்க்கும் காக் போன்ற கருவிகள் ஓகேமலில் எழுதப்பட்டவை என்பதை நினைத்தால் அந்தச் சிறு கோப்பின்மேல் எவ்வளவு கனம் ஏறியிருக்கிறது என்பது விளங்கும். நத்தனாயெல் குராந்த், ஜூலியான் லெப்பிலர், கப்ரியேல் ஷெரர் ஆகிய மூவரும் ஓகேமலின் ஒரு சிறு பகுதிக்கு ஸ்கீமில் கம்பைலர் எழுதி, அதன்மேல் ஓர் இன்டர்ப்ரிட்டரை ஏற்றி, அதன் வழியே ஓகேமல் 4.07-ஐ எட்டினார்கள். பழைய பதிப்புகளின் வழியே இறங்கும் தொல்லியல் பணியே வேண்டாம் என்பதுதான் அவர்களது உத்தி. வீலரின் முறைப்படி ஒப்பிட்டு, அந்த விதைக் கோப்பில் தாம்ப்சன் வகைச் சூழ்ச்சி ஏதும் இல்லை என்று காட்டினார்கள். 2022-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. ஆய்விதழில் இதற்கு இடம் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

எதிர்வாதங்களை அறிவேன். என் விடுதி நண்பர் ஒருவர், கணினிப் பாதுகாப்பில் ஆய்வு செய்பவர், நேராகவே கேட்டார்: தாம்ப்சன் சொன்னது போன்ற தாக்குதல் நடைமுறையில் எத்தனை முறை நடந்திருக்கிறது? வாக்கிய இலக்கணம் எழுதும் உங்கள் கம்பைலரை யார் கெடுக்கப்போகிறார்கள்? நியாயமான கேள்வி. நெருங்கிய எடுத்துக்காட்டு உண்டு. 2009-இல் இண்டக் என்ற நச்சுநிரல், டெல்ஃபி நிறுவப்பட்ட கணினிகளில் அதன் நூலகக் கோப்பு ஒன்றை மாற்றிவைத்து, அங்கே பெயர்க்கப்படும் ஒவ்வொரு நிரலிலும் தன்னைச் சேர்த்துக்கொண்டது. இருந்தும், ஹாஸ்கெல் கம்பைலரில் இன்று சூழ்ச்சி இருக்கிறது என்று நான் கருதவில்லை. அச்சம் என் வாதத்தின் மையமன்று.

மையம் காலம். கொடிய சிதைப்பானிடம் நான் சிக்கிய இடம் யாருடைய சூழ்ச்சியாலும் உண்டானதல்ல. முப்பது ஆண்டுகள்கூட ஆகாத ஒரு பாதை, யாரும் நடக்காததால் தூர்ந்துவிட்டது. இன்று சற்றே முயன்றால் மீட்கலாம்: அந்தப் பதிப்புகளை எழுதியவர்களில் பலர் இன்றும் பணியில் இருக்கிறார்கள், பழைய ஜிசிசி கிடைக்கிறது, அதை ஏற்கும் செயலிகள் இருக்கின்றன. இன்னும் இருபது ஆண்டுகளில் இம்மூன்றும் இருக்கும் என்று எனக்கு உறுதியில்லை. அப்போது நம் ஆய்வேடுகளின் கருவிகள் எல்லாம் "மூலம் முழுமையாக உள்ளது, படிக்க வழியில்லை" என்ற நிலையில் நிற்கும்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது: கைவசம் இயங்கும் பைனரி இருக்க இவ்வளவு உழைப்பு எதற்கு? பைனரி ஒரு செயலிக்கு மட்டுமே பொருந்தும் என்பதே என் விடை. சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலி ரிஸ்க்-வி கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது. அக்கட்டளைத் தொகுதிக்கு டெபியன் 2023-இல்தான் அலுவல்முறை இடம் தந்தது. 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பிலேயே அது முதன்முறையாக முழு வெளியீட்டில் இடம்பெற்றது. புதிய செயலிக்கு முன்பு எந்தப் பைனரியும் இல்லை. இன்டெல் வகைக் கணினியில் உட்கார்ந்து புதிய செயலிக்கான பைனரிகளைக் கடல்கடந்த பிள்ளைகள்போல் பெற்றெடுத்து அனுப்புகிறார்கள். செயலி புதியது; கம்பைலரின் குருதி பழையது. சி-டாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எனவே டெபியனின் சங்கிலியே அதன் சங்கிலியும். இதில் இழுக்கு ஏதுமில்லை. உலகம் முழுவதும் அப்படித்தான். ஆனால் "முற்றிலும் உள்நாட்டுத் தொழில்நுட்பம்" என்ற முழக்கம் எழும்போது, அடிவாரத்தில் உள்ள விதைப் பைனரி எது, அதை நாம் எப்போதாவது மூலத்திலிருந்து கட்டிப் பார்த்தோமா என்று கேட்கும் ஒரு குரலாவது பல்கலைக்கழகங்களிலிருந்து வரவேண்டும். எனக்குத் தெரிந்த வகுப்பறைகளில் கம்பைலர் பாடம் தொடரியல் பகுப்பு மரத்தோடு முடிந்துவிடுகிறது. பூட்ஸ்ட்ராப் என்ற சொல் ஒரு தேர்வு வினாவாக, டி வடிவப் படமாக, இரண்டு மதிப்பெண்ணுக்கு வந்து போகிறது.

அந்தப் படத்தைக் கரும்பலகையிலிருந்து இறக்கி ஒரு பருவத் திட்டப்பணியாக்கலாம். ஹெக்ஸ்0 முதல் எளிய அசெம்பிளர்வரை ஏறிப்பார்க்க ஒரு மாணவருக்கு ஒரு பருவம் தாராளம். முதுநிலை மாணவர் குழு ஒன்று ஏதேனும் ஒரு மொழியின் அறுந்த கண்ணியை எடுத்துக்கொள்ளலாம். செலவு மின்சாரமும் பொறுமையும்தான். ஆனால் "புதிதாக எதைக் கண்டுபிடித்தீர்கள்" என்று கேட்கும் மதிப்பீட்டுப் படிவம் இருக்கும்வரை எந்த வழிகாட்டியும் மாணவரை இதில் இறக்கமாட்டார் என்பதும் தெரிகிறது. சுவடிப் பதிப்புக்கு முனைவர் பட்டம் வழங்கும் நாம், மென்பொருளின் மூலபாடத்தை மீட்பதற்கு வழங்க ஏன் தயங்கவேண்டும்? இரண்டிலும் புதிதாக எழுதப்படுவது குறைவு. நம்பத்தக்கதாக நிறுவப்படுவது மிகுதி.

மொழியியல் நண்பர்களிடம் நான் கேட்பது இன்னும் எளியது. கருவிகள் குறித்த இயலில் மென்பொருளின் பெயரோடும் பதிப்பு எண்ணோடும் நிறுத்தாமல், எந்த வழங்கலின் எந்தப் பதிப்பு, எந்தக் கம்பைலர், அது பைனரியாகப் பெறப்பட்டதா மூலத்திலிருந்து கட்டப்பட்டதா என்ற ஒரு வரியையும் சேருங்கள். ஒரு வரிதான். அதை எழுத உட்காரும்போதுதான் நமக்கு எவ்வளவு தெரியாது என்பது தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் "இம்முடிவுகளை எவரும் அடியிலிருந்து மீளப் பெறலாம்" என்று இருந்த தொடரை நீக்கிவிட்டேன். அந்த இடத்தில், கருவி மூலநிரலிலிருந்து கட்டப்பட்டது, அதைக் கட்டிய ஜிஎச்சி கம்பைலர் பைனரியாகப் பெறப்பட்டது, அப்பைனரியின் தோற்றம் இவ்வாய்வில் சரிபார்க்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறேன். நெறியாளர் அதை அடிக்குறிப்புக்குத் தள்ளச் சொல்கிறார்; பேசிக்கொண்டிருக்கிறோம். இதற்கிடையில் ஹக்ஸிலிருந்து 4.08-க்கு ஏறும் முயற்சியைச் சனிக்கிழமை மாலைகளில் துறை ஆய்வகத்தில் தொடர்கிறேன். பெர்லும் பழைய அசெம்பிளியும் அறிந்தவர்கள் எவரேனும் சேர்ந்துகொண்டால் அந்தச் சிதைப்பானைத் தாண்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.